அவர் குணமே அப்படித்தானா?
குடிநோய் சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்க நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



போன வருஷம் ஆடி மாசம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்தது. "கடன் வேணும்னா கேளுங்க" என்று ஊக்குநர் சொன்னார். ஒரு அக்கா தயங்கித் தயங்கி எழுந்தார். "எங்க வீட்டுக்காரர மறுபடியும் குடி நிறுத்துற இடத்துல சேர்க்கணும். பத்தாயிரம் வேணும்" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின வருஷம் இதே காரியத்துக்காக எட்டாயிரம் ரூபாய் உள்கடன் கொடுத்திருந்தார்கள். ஒரு மாசம் தங்க வேண்டிய மனுஷன் ஒன்பதாம் நாளே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். வரும் வழியிலேயே குடித்துவிட்டு வந்தார்.

கடைசியில் ஒரு உறுப்பினர் சொன்னார்: "அவன் குணமே அப்படி. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? குழுப் பணம்தான் வீணாப் போகும்." பாதிப் பேர் தலையாட்டினார்கள். கடன் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போடப்பட்டது. உண்மையைச் சொல்கிறோம், அன்றைக்கு நாங்களும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தோம். எங்கள் மனசிலும் அதே நினைப்புத்தான்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அந்த அக்கா எங்களைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "குணம் சரியில்லாதவனுக்கு வைத்தியமே கிடையாதாம்மா? அப்ப ஆஸ்பத்திரி எல்லாம் நல்ல குணம் உள்ளவங்களுக்கு மட்டும்தானா?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். சமூகப்பணி படித்து, பத்து வருஷம் களப்பணி செய்தும் தெரியவில்லை. அதற்குப் பிறகு படித்தும், சிகிச்சை தருபவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

குடி ஒரு நோய் – அடையாறிலிருந்து ஒரு கதை

முதலில் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறோம். சாந்தி ரங்கநாதன் என்பவரைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சென்னையில் பெரிய தொழில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979ல் இறந்துபோனார். பணம் இருந்தது, படிப்பு இருந்தது, நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் குடியை ஒரு நோயாக எடுத்துக்கொண்டு, தங்க வைத்து முறையாகச் சிகிச்சை தரும் இடம்தான் அன்றைக்குப் பக்கத்தில் இல்லை.

அந்த அம்மா வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. அமெரிக்கா போய் இந்தச் சிகிச்சை முறையைப் படித்துவிட்டு வந்தார். 1980ல் கணவர் பெயரிலேயே ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுதான் இன்றைக்கு அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை. குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் அவர் குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. அவருக்கு 1992ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த முறை சென்னையோடு நின்றுவிடவில்லை. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடி கிராமத்தில், ஊரிலேயே 15 நாள் முகாம் போட்டு இவர்கள் சிகிச்சை கொடுத்தார்கள். அந்த அனுபவத்தை சாந்தி ரங்கநாதன் 1994ல் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். முகாமுக்கு உதவியது ஊர்க்காரர்கள். சிகிச்சை முடிந்தவரைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ளவும் ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இந்த இடத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் சிகிச்சை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு 2019ல் வெளிவந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சைக்குப் போயிருக்கிறார். தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். அப்படியானால் நம் வீட்டுக்காரர் ஒரு தடவை போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தார் என்றால், அவர் அந்த வாசல்படி வரைக்கும் போன கொஞ்சம் பேரில் ஒருவர். அது வீணான காரியம் இல்லை.

குணத்தால் குடியா, குடியால் குணமா?

"சின்ன வயசுல இருந்தே முரடன், அதான் குடிகாரன் ஆயிட்டான்" என்று சொல்கிறோம். இது எவ்வளவு தூரம் உண்மை?

அமெரிக்காவில் ஜார்ஜ் வேலன்ட் என்ற மனநல மருத்துவர் இதை ஆராய்ந்தார். பையன்களாக இருந்தபோதே பதிவுசெய்யப்பட்ட சில நூறு பேரை, அவர்கள் நடுத்தர வயசு ஆகும் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. 1983ல் புத்தகமாக வந்தது. குடிநோயாளியிடம் நாம் பார்க்கும் பொய், பயம், பொறுப்பின்மை, தன்னிரக்கம் எல்லாம் பெரும்பாலும் குடிக்கு முன்னால் இருந்தவை அல்ல, குடிக்குப் பின்னால் வந்தவை என்று அவர் சொன்னார்.

எல்லாமே குடியால் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சிலருக்குச் சின்ன வயசிலிருந்தே அவசரக் குணமும் முரட்டுத்தனமும் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் குடித்துக்கொண்டிருக்கும் நாளில் பார்த்து, "இதுதான் இவர் குணம்" என்று யாராலும் முடிவு கட்ட முடியாது. மனநல மருத்துவர்களே கூட, குடியை நிறுத்தி இரண்டு வாரம், நாலு வாரம் போன பிறகுதான் அவருடைய கவலை, மனச்சோர்வு எல்லாம் குடியால் வந்ததா, தனி நோயா என்று முடிவு செய்வார்கள். நிறையப் பேருக்கு அந்தச் சில வாரத்திலேயே பாதி தெளிந்துவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரொம்ப நாள் குடித்தவருக்கு மூளை களைத்துப் போயிருக்கும். வைட்டமின் பி1 குறைந்திருக்கும். சொன்னது நினைவில் நிற்காது. நாளைக்கு என்ன செய்வது என்று யோசித்துத் திட்டம் போட முடியாது. "எத்தனை தடவை சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்கறான்" என்று நாம் கோபப்படுகிறோம். அது திமிராக இல்லாமல் மறதியாக இருக்கலாம். சோறு, மாத்திரை, ஓய்வு, குடியில்லாத நாட்கள் இவற்றால் இதில் நிறைய முன்னேற்றம் வரும்.

பாதியில் வருவது யார்?

குணத்துக்கும் சிகிச்சையை முடிப்பதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2013ல், குடி மற்றும் போதைச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களைப் பற்றிய 122 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் நான்கு:

1. இளம் வயசு.
2. மறதி, யோசிக்கும் திறன் குறைவு.
3. நோய் என்று சொல்லும் அளவுக்கு முற்றிய குணக் கோளாறு.
4. ஆலோசகருக்கும் நோயாளிக்கும் நடுவே நல்ல உறவு ஏற்படாமல் போவது.

நாலாவதைக் கவனியுங்கள். அது நோயாளியின் குணம் மட்டும் அல்ல. இரண்டு பேர் சம்பந்தப்பட்டது. அதை மாற்ற முடியும்.

நாங்கள் புரிந்துகொண்டது இதுதான்: குணத்தை வைத்து "இவர் தேறுவாரா, தேற மாட்டாரா" என்று ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் "இவர் எந்த நாளில், எந்தக் காரணத்துக்காக மூட்டையைக் கட்டுவார்" என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம். மேடு பள்ளம் தெரிந்த பாதையில் இருட்டிலும் நடக்கலாம் இல்லையா? அது மாதிரி.

ஐந்து விதமான குணம்

நம் பகுதியில் சிகிச்சைக்குப் போய் வந்த குடும்பங்களிடம் பேசியதில் எங்களுக்குத் தெரிந்ததை ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறோம். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று குணம் சேர்ந்தும் இருக்கும்.

ஒன்று, அவசரக்காரர். நினைத்ததும் செய்துவிடுவார். பின்னால் வருத்தப்படுவார். இவர் கிளம்புவது பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள். சாம்பாரில் உப்பு இல்லை, பக்கத்துக் கட்டில்காரன் முறைத்தான் என்று ஏதாவது ஒரு காரணம் போதும். இவரிடம் "போகாதே" என்று சண்டை போட்டால் உடனே கிளம்புவார். "சரி, போகலாம். நாளைக்குக் காலையில பேசிக்கலாம்" என்று ஒரு ராத்திரியைத் தாண்ட வைத்தால் பாதி நேரம் அந்த வேகம் அடங்கிவிடும். இவர் கையில் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு வராதீர்கள்.

இரண்டு, கவலைக்காரர். தூக்கம் வராது. "வட்டிக்காரன் வீட்டுக்கு வந்திருப்பானோ, புள்ள பீஸ் கட்டுச்சோ" என்று மனசு ஊரிலேயே இருக்கும். இவர் ஓடி வருவது குடிக்க அல்ல, வீட்டைப் பார்க்க. ஆனால் வந்ததும் குடித்துவிடுவார். இவருக்குத் தேவை ஊர்ச் செய்தி. கடன் தவணையைக் குழு தள்ளி வைத்திருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று வாரம் ஒரு தடவையாவது அவர் காதில் விழ வேண்டும். கவலை ரொம்ப அதிகமாக இருந்தாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ, டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும்.

மூன்று, சந்தேகக்காரர். பெண்டாட்டி மேல் சந்தேகம், தம்பி மேல் சந்தேகம். ரொம்ப நாள் குடித்தவர்களுக்கு மனைவியின் நடத்தை மேல் சந்தேகம் வருவது டாக்டர்களுக்குத் தெரிந்த ஒரு நோய்க்குறி. உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. இவரை "கோயிலுக்குப் போகலாம் வா" என்று பொய் சொல்லி அழைத்துப் போய் விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் நாளெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையைச் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும். இவருக்குத் தெரியாமல் குழம்பில் மருந்து கலப்பது கூடவே கூடாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் சில மாத்திரைகளின் மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

நான்கு, "எனக்கு ஒன்னுமில்ல" என்பவர். வாய்ப்பேச்சு ஜாஸ்தி. முதல் இரண்டு வாரம் ஒழுங்காக இருப்பார். மூன்றாம் வாரம் கை நடுக்கம் நின்று, முகம் தெளிந்ததும், "நான் சரியாயிட்டேன், இனிமே தொட மாட்டேன்" என்று கிளம்பத் தயாராவார். அதை நம்பி வீட்டாரே போய்க் கூட்டி வந்துவிடுகிறார்கள்! காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது போல இது. உடம்பு தெளிவதுதான் முதல் படி. மனசைப் பழக்கும் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஐந்து, எல்லோருக்கும் நல்லவர். இவர்தான் நம்மை ரொம்ப ஏமாற வைப்பவர். சிகிச்சையை ஒரு நாள் குறையாமல் முடிப்பார். எல்லோரும் பாராட்டுவார்கள். மயிலாப்பூரில் கல்யாண சமையல் வேலைக்குப் போகும் ஒருவரை எங்களுக்குத் தெரியும். அத்தனை சாந்தமான மனுஷன். சிகிச்சையை முடித்து வந்த பதினைந்தாம் நாள், வேலை முடிந்ததும் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். "வேணாம்"னு சொல்ல வாய் வரவில்லை. இவருக்கு உள்ளே இருக்கும்போதே "வேண்டாம்" சொல்லப் பழக்கம் கொடுக்க வேண்டும். அதை ஆலோசகரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குடியைத் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் சிலருக்கு ஆள் தெரியாமல் உளறல் வரும். இது உயிருக்கே ஆபத்தான நேரம். இந்த நாட்களில் டாக்டர் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். இப்போது கிளம்புகிறேன் என்று நிற்பவர் பேசுவதில் பாதி குணமல்ல, உடம்பு படும் அவஸ்தை.

சேர்க்கும் அன்றைக்குச் சொல்ல வேண்டியவை

ஆலோசகர் அவரை அன்றுதான் பார்க்கிறார். நீங்கள் பத்து இருபது வருஷமாகப் பார்க்கிறீர்கள். வெட்கப்படாமல் இவற்றைச் சொல்லுங்கள். எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

• கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார். முன்பு வலிப்பு வந்ததுண்டா.
• முன்பு சிகிச்சைக்குப் போயிருந்தால் எத்தனையாம் நாள், என்ன காரணத்தால் வந்தார்.
• கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வார். யார் பேச்சுக்கு அடங்குவார்.
• குடிக்காத காலத்தில் எப்படி இருந்தார். அவருக்கு எது பிடிக்கும்.
• என்ன கடன், என்ன கவலை அவரை அரிக்கிறது.
• உங்களை அடிப்பாரா. தற்கொலைக்கு முயன்றதுண்டா. இதை மறைக்கவே கூடாது.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். போன தடவை தோற்ற காரணம் தெரிந்தால்தான் இந்தத் தடவை ஜெயிக்க வழி தெரியும்.

இடம் சரியில்லாமலும் வரலாம்

எப்போதும் தப்பு நோயாளி மேல்தான் என்று இல்லை. அடித்து, கட்டிப்போட்டு வைக்கும் இடத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தால் அவர் செய்தது சரி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயாளிக்கும் பொருந்தும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. சிகிச்சை மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஆகவே சேர்க்கும் முன் கேளுங்கள்: பதிவுச் சான்று இருக்கிறதா? டாக்டர் தினமும் வருகிறாரா? குடும்பத்தார் பார்க்கலாமா? மொத்தச் செலவு எவ்வளவு? ரசீது தருவார்களா? பதில் மழுப்பலாக வந்தால் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. அங்கே முதலில் காட்டுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் பணம் இல்லாமல் போன் செய்யலாம். மன வேதனைக்கு டெலி மானஸ் 14416.

முடித்து வந்த பிறகு

சான்றிதழோடு வீட்டுக்கு வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சர்க்கரை நோய் மாதிரி இதுவும் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நோய். டாக்டர் சொன்ன தேதியில் திரும்பக் காட்ட வேண்டும். குடியை விட்டவர்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் உண்டு. 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957ல் வந்தது. கட்டணம் கிடையாது. மனைவிமாருக்கும் வீட்டாருக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று இல்லை. அன்றைக்கே, மறுநாளே திரும்பச் சிகிச்சைக்குப் போவதுதான் முக்கியம். ஒரு நாள் தவறினால் விடிந்ததும் சேவையைத் தொடர்கிறோம் அல்லவா, விரதம் இருப்பவர் போல, அதே மாதிரி.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

அவர் குணத்தைப் புரிந்துகொள்ளச் சொல்கிறோம். பொறுத்துக்கொண்டே போகச் சொல்லவில்லை. அவர் பாதியில் வந்தால் அது உங்கள் தோல்வி அல்ல. "நீ சரியா கவனிச்சிருந்தா அவன் ஏன் குடிக்கிறான்" என்று மாமியார் சொன்னாலும், ஊர் சொன்னாலும், அது உண்மை இல்லை. அடி உதைக்கு நோய் சாக்கு ஆகாது. ஆபத்து என்றால் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். 181 பெண்கள் உதவி எண். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

அந்த அக்கா என்ன ஆனார்?

ஆவணி மாசக் கூட்டத்தில் நாங்கள் இதையெல்லாம் பேசினோம். அந்த அக்காவிடம், "போன தடவை ஒன்பதாம் நாள் என்னக்கா நடந்துச்சு?" என்று கேட்டோம். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவர் சொன்னார்: "சனிக்கிழமைம்மா. தி.நகர்ல பெயிண்ட் வேலை பார்த்தாரு. சனிக்கிழமை சாயங்காலம் கூலி. கூலி வாங்கினதும் குடிப்பாரு. இருபது வருஷப் பழக்கம். அன்னைக்கும் சாயங்காலம் ஆனதும் இருப்புக் கொள்ளலையாம். பையில இருநூறு ரூபா இருந்துச்சு, நான்தான் கொடுத்துட்டு வந்தேன்."

நாய் வால் என்று சொன்ன அதே உறுப்பினர்தான் முதலில் பேசினார்: "அப்ப சனிக்கிழமைதான் கண்டம். அன்னைக்கு யாராவது போய் உக்காந்துக்கிட்டா?"

குழு மூன்று தீர்மானம் போட்டது. பத்தாயிரம் கடன் கொடுப்பது. பழைய கடன் பாக்கியை மூன்று மாசம் கேட்காமல் இருப்பது. சனிக்கிழமை சாயங்காலம் அவர் தம்பியை அனுப்புவது, பஸ் செலவு குழுவுடையது. மையத்திலும் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கினோம்.

இரண்டாவது சனிக்கிழமை அவர் மூட்டையைக் கட்டிவிட்டார். தம்பி தடுக்கவில்லை. "சரிண்ணே, காலையில முதல் பஸ்ஸுக்குப் போகலாம். இப்ப பஸ்ல கூட்டம்" என்றார். காலையில் அவர் போகலாம் என்று சொல்லவில்லை. 28 நாளும் இருந்தார்.

வந்த பிறகு மேஸ்திரியிடம் அவரே பேசி, சனிக்கிழமை கூலியைத் திங்கட்கிழமை காலையில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டார். தை மாசம் ஒரு சாவு வீட்டில் குடித்துவிட்டார். மூன்றாம் நாள் தானாகவே மையத்துக்குப் போய்ச் சொன்னார். அந்த மாசம் மட்டும் கடன் தவணை கட்ட முடியவில்லை. மற்ற மாசமெல்லாம் கட்டியிருக்கிறார்கள். இந்த இதழ் அச்சுக்குப் போகும் இன்றைய வரை நாலு மாசமாகக் குடிக்கவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

அவர் இப்போதும் அவசரக்காரர்தான். குணம் மாறிவிடவில்லை. எந்த நாளில் தடுக்கி விழுவார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மஞ்சக்குடியில் ஊர் நின்ற இடத்தில், இங்கே நம் குழு நின்றது.

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது: ஆஸ்பத்திரி நல்ல குணம் உள்ளவர்களுக்கு மட்டும் இல்லை அக்கா. எல்லாக் குணத்துக்கும்தான். வழிதான் ஆளுக்கு ஆள் வேறே.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் யார் வீட்டிலாவது சிகிச்சையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார்களா? எத்தனையாம் நாள்? என்ன நடந்தது? (சொல்ல விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சொல்லட்டும். கூட்டத்தில் பேசியது வெளியே போகக் கூடாது.)
2. மேலே சொன்ன ஐந்து குணத்தில் நம் வீட்டில் இருப்பது எது? அதற்கு முன்கூட்டியே என்ன ஏற்பாடு செய்யலாம்?
3. இரண்டாம் தடவை சிகிச்சைக்குக் கடன் கேட்டால் குழு என்ன முடிவெடுக்கும்? தவணையைத் தள்ளி வைப்பது பற்றித் தீர்மான நோட்டில் விதி எழுதலாமா?
4. நம் ஊரிலிருந்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போக எந்தக் கிழமை, எந்த பஸ்? ஊக்குநர் விசாரித்து அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும்.
5. 14446, 14416, 181 ஆகிய மூன்று எண்களையும் ஒவ்வொருவரும் சேமிப்புப் பாஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.